பழைய நகை, வெள்ளிச் சாமான், கடிகாரம்: உருக்கும் முன் படித்துப் பார்ப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், கூலிம் மாதிரியான தோட்டப்பட்டணங்களில் தாத்தா பாட்டி இருந்த வீட்டைக் காலி செய்யும்போது மூன்று சாமான்கள் தவறாமல் வெளிவரும். துணியில் முடிந்த வெள்ளிக் காப்போ தண்டையோ ஒன்று, அரக்கு வைத்த பழைய தங்கத் தோடு ஒரு ஜோடி, என்றைக்கோ நின்றுபோன கடிகாரம். முதல் இரண்டும் நேராக நகைக்கடைக்குப் போய், எடை போட்டு, அழுக்கும் அரக்கும் கழித்து, புதுச் சங்கிலியாகத் திரும்பிவரும். கடிகாரம் பழைய இரும்புக்காரரிடம் போகும். உருக்கிவிட்டால் எஞ்சுவது உலோகத்தின் விலை மட்டும். எந்தக் காசை அழித்துச் செய்தது, எந்த ஊர்ப் பத்தர் கை, எந்தக் காலம் என்பதெல்லாம் மூசையிலேயே கரைந்துவிடும். அதனால் விற்பதானாலும் மாற்றுவதானாலும், முதலில் ஒரு பிற்பகல் ஒதுக்கிச் சாமானைப் படித்துப் பாருங்கள்.

வேண்டியவை அதிகமில்லை. 0.01 கிராம் வரை காட்டும் 200 கிராம் கையடக்கத் தராசு, 10 மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி, வெர்னியர் அளவுகோல், தையல் நூல், வெள்ளைத் துணி, கைத்தொலைபேசி. சமையலறைத் தராசு உதவாது. அது ஒரு கிராம் படிகளில் தாவும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பார்த்து முடிக்கும்வரை எதையும் துலக்காதீர்கள். பள்ளங்களில் படிந்திருக்கும் கறுப்புதான் வேலைப்பாட்டைக் கண்ணுக்குக் காட்டுகிறது. முத்திரை தேய்ந்திருந்தால் அதைப் படிக்க உதவுவதும் அந்தக் கறுப்புதான்.

எடையும் அடர்த்தியும்

முதலில் சாமானை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, குவளையைத் தராசில் வைத்து அளவைச் சுழியாக்குங்கள். சாமானை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. நூலைக் கையில் பிடித்தால் தராசு ஆடும். இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, குறுக்கே ஒரு குச்சி வைத்து அதில் கட்டுவது நல்லது. இப்போது தராசு காட்டுவது சாமானின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

ஒரு காப்பு 61.80 கிராம், தண்ணீரில் 6.00 என்று வைத்துக்கொள்வோம். 10.30 வரும். தூய வெள்ளி 10.49, ஆயிரத்துக்கு 925 தரம் 10.36, பழைய நாணய வெள்ளியான 900 தரம் 10.3 அளவில் நிற்கும். பாதிக்குப் பாதி செம்பு கலந்த வெள்ளி 9.7-க்குக் கிட்டே இறங்கும். ஜெர்மன் சில்வர் என்பதில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அது 8.7 அளவில் இருக்கும். 22 காரட் தங்கம் 17.7-லிருந்து 17.9 வரை வரும்.

தவறு எங்கே வரும்? ஒட்டிக்கொண்ட காற்றுக் குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். சோப்புச் சொட்டு அதற்காகத்தான். அடியைத் தொட்டுவிட்டால் தண்ணீர் எடை எகிறி, அடர்த்தி பாதாளத்துக்குப் போகும். சாமான் சின்னதாக இருந்தால் பிழை பெரிது. ஒரு சவரன் காசுக்குத் தண்ணீரில் 0.45 வரும், தராசு 0.01 பிசகினாலே விடை 17.4-க்கும் 18.2-க்கும் நடுவே ஊசலாடும். மூக்குத்தி, மெட்டிக்கு இந்தச் சோதனை வேண்டாம். உள்ளே பரல் போட்ட தண்டை, அரக்கு நிரப்பிய பாம்படம், கல் வைத்த அட்டிகை மூன்றுக்கும் கண்டிப்பாக வேண்டாம். விடையும் பொய், சாமானும் கெடும்.

எந்தக் காசை அழித்தது

அந்தக் காலத்தில் பத்தரிடம் வெள்ளிக் கட்டி வாங்கிக் கொடுத்தவர்கள் குறைவு. கையிலிருந்த நாணயத்தைக் கொடுத்துச் செய்துகொள்வதுதான் வழக்கம். ஆகவே எடையே ஒரு தடயம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், 917 தரம். அதே எடைதான் ஒரு தோலா. ஒரு ஜோடித் தண்டை 230 கிராமை ஒட்டி நின்றால், இருபது ரூபாய் அழித்து, அரம் போட்டதில் கொஞ்சம் போயிருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸின் டாலர் வேறு கணக்கு. 1903-இல் வந்த முதல் டாலர் 26.95 கிராம், 900 தரம். வெள்ளி விலை ஏறி, நாணயத்தின் உலோகம் முகமதிப்பை மிஞ்சும் நிலை வந்ததால் 1907-இல் அதே தரத்தில் 20.21 கிராமாகச் சிறிதாக்கினார்கள். 1919-இல் அடித்ததோ 16.85 கிராம்தான், தரமும் 500-க்கு இறங்கிவிட்டது. இந்தியாவிலும் 1940-இல் ரூபாய் 500 தரமாகிவிட்டது.

இதை அடர்த்தியோடு சேர்த்துப் பாருங்கள். 10.3 வந்த காப்பு நல்ல நாணய வெள்ளி. 9.7 வந்ததென்றால் 1919-க்குப் பிந்தைய காசை அழித்ததாக இருக்கலாம், அல்லது பத்தர் செம்பு கூட்டியிருக்கலாம். எடை மட்டும் ஒத்துப்போனால் அது சான்று ஆகாது. எடை, அடர்த்தி, செய்முறை மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் எழுதி வையுங்கள்.

நாணயத்தையே கோத்த நகைக்கு வேலை இன்னும் எளிது. காசு மாலையில் இருப்பது உண்மையான சவரனா, அச்சில் வார்த்த போலியா என்று பார்க்க, விட்டம் 22.05 மில்லிமீட்டர், எடை 7.99 கிராம் என்ற இரண்டு எண் போதும். வளையம் பற்றவைத்திருந்தால் எடை அதற்கு மேல் வரும்; குறைந்தால் தேய்மானமா போலியா என்று யோசிக்க வேண்டும். விளிம்பின் வரிகள் கூர்மையாக, ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். வார்த்த போலியில் வரிகள் மழுங்கி, எழுத்துகளின் அடியில் ஊசிமுனைப் பள்ளங்கள் தெரியும். பின்பக்கத்தில் குதிரை மேல் புனித ஜார்ஜ், காலடியில் டிராகன். பெனதெத்தோ பிஸ்ட்ரூச்சி 1817-இல் வடித்த உருவம் அது. ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் லூப் வைத்துப் பாருங்கள். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்பர்ன், பி பெர்த். ஐ என்ற எழுத்து இருந்தால் பம்பாய் நாணயசாலை. அங்கே 1918 ஒரே ஆண்டுதான் சவரன் அடித்தார்கள். அப்படி ஒன்று மாலையில் இருந்தால் அதைப் பவுன் விலைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

கையால் செய்த தோட்டைப் பார்ப்பது

தோட்டின் முகத்தைவிட முதுகுதான் அதிகம் பேசும். திருப்பிப் பிடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டு லூப் வையுங்கள். துளைத்தகட்டின் வழியே கையால் இழுத்த கம்பியில் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் ஓடும், பருமனும் இடத்துக்கு இடம் இம்மியளவு மாறும். இயந்திரக் கம்பி வழவழவென்று ஒரே சீராக இருக்கும். மணி வைத்த வேலையில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக உருட்டியது. அளவு துல்லியமாக ஒத்திருக்காது, இரண்டு மணி தொடும் இடத்தில் பற்றாசு (ஒட்டவைக்க உருக்கும் உலோகம்) ஓடிய மேடு தெரியும். மணிகள் எல்லாம் ஒரே வார்ப்பில், அடியில் பிரிவில்லாமல் தகட்டோடு கலந்திருந்தால் அது பழையதைப் பார்த்து வார்த்த நகல்.

திருகாணியைக் கழற்றும்போது கவனம் வேண்டும். கையால் மரை வெட்டிய தோட்டில் ஒவ்வொரு திருகாணியும் தன் தண்டுக்கு மட்டுமே சேரும். இடது வலது மாற்றிப் போட்டு அழுத்தித் திருகினால் மென்மையான தங்க மரை அழிந்துவிடும், பிறகு காதில் நிற்காது. கழற்றின உடனே தோட்டையும் அதன் திருகாணியையும் ஒரே உறையில் போட்டு, இடது வலது எழுதிவிடுங்கள். சில பழைய தோடுகளில் மரை எதிர்ப்புறமாகவும் வெட்டியிருப்பார்கள். இறுகினால் பலம் போடாமல் மறுபக்கம் முயன்று பாருங்கள்.

சிவப்புக் கல் பதித்த நகை என்றால் கல்லின் பின்புறம் மூடியிருக்கிறதா பாருங்கள். மூடிக் கட்டிய வேலையில் கல்லுக்கு அடியில் மெல்லிய பளபளத் தகடு வைத்திருப்பார்கள். கல்லின் நிறமும் ஒளியும் பாதி அதிலிருந்து வருவதுதான். தண்ணீர் உள்ளே இறங்கினால் தகடு கறுத்து, கல் செத்த மாதிரி ஆகிவிடும். திரும்ப வராது. இவற்றைக் கழுவவே கூடாது. லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் உலோகத்தை மட்டும் துடைத்தால் போதும்.

வீட்டில் எல்லாரும் பர்மா கெம்பு என்பார்கள். லூப்பில் உள்ளே பாருங்கள். வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய வரிகளும் உருண்டைக் குமிழிகளும் இருந்தால் அது ஆகுஸ்ட் வெர்னேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902-இல் அறிவித்த முறையில், சுடரில் உருக்கி வளர்த்த செயற்கை மாணிக்கம். சுரங்கக் கல்லில் வரிகள் நேராக, கோணமாக ஓடும். செயற்கைக் கல் என்றால் நகை மட்டம் என்று அர்த்தமில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன் செய்ததல்ல என்று காலத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பாம்படம், தண்டட்டி மாதிரியான பெரிய காதணிகள் பார்வைக்குக் கனமாகத் தெரிந்தாலும், மெல்லிய தங்கத் தகடு உள்ளே இருக்கும் அரக்கின் மேல் நிற்பதுதான் பெரும்பாலும் வழக்கம். அரக்கு சுமார் 70 டிகிரியில் இளகிவிடும். கொதிநீரில் போட்டால் தகடு ஆதாரமில்லாமல் நசுங்கும். வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவதும் ஆபத்துதான்.

முத்திரைகள்

பூஜைத் தட்டு, சந்தனக் கிண்ணம், துரை பங்களாவிலிருந்து வந்த கரண்டி என எதுவானாலும் அடியில் முத்திரை தேடுங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தின் 925 தரம். பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தை முகம் லண்டன், 1974 வரை கிரீடம் ஷெஃபீல்டு. ஈ.பி.என்.எஸ். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் ஜெர்மன் சில்வர் மேல் வெள்ளி முலாம். மின்முலாமுக்கு எல்கிங்டன் காப்புரிமை பெற்ற 1840-க்குப் பிறகுதான் இந்த வகையே வந்தது. நங்கூரத்தையும் சிங்கத்தையும் போலப் பாவனை செய்யும் முத்திரைகள் முலாம் சாமானில் உண்டு. சிங்கம் தெளிவாக, இடது பக்கம் பார்த்து நடக்கிறதா என்று லூப்பில் உறுதி செய்யுங்கள்.

சீன எழுத்து முத்திரை இருந்தால் திகைக்க வேண்டாம். இங்குள்ள சீனப் பத்தர் கடைகள் தங்கள் கடைப் பெயரை அப்படித்தான் குத்தின, நம்மவர்களும் அங்கே செய்துகொண்டார்கள். கிளந்தான் வெள்ளிக் கிண்ணத்தில் முத்திரையே இல்லாமலும் இருக்கலாம். பின்பக்கம் தட்டியெழுப்பிய புடைப்பு வேலை உட்புறத்தில் பள்ளமாகத் தெரிகிறதா பாருங்கள். அடர்த்தி 7.3 வந்தால் அது வெள்ளி அல்ல, பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவை. வெள்ளீயச் சுரங்க நாட்டில் அது அதிகம் புழங்கியது. அதை அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் உருகிவிடும்.

துலக்குவது

திருநீறு போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் பழக்கம். சாணச் சாம்பலில் சிலிக்கா துகள் இருக்கிறது, அது வெள்ளியைக் கீறும். பற்பசையும் அப்படியே. புளி வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பை அரித்து மேற்பரப்பை மங்கலாக்கும். அருங்காட்சியகங்களில் நம்பிப் பயன்படுத்துவது நைசான கால்சியம் கார்பனேட் பொடி. ஒரு தேக்கரண்டிப் பொடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் களியாக்கி, பஞ்சில் தொட்டு, வட்டமாகச் சுற்றாமல் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். மேடுகள் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். பள்ளத்துக் கறுப்பை அப்படியே விடுவதுதான் அழகு. பிறகு கழுவி உடனே துடைத்து, விசிறிக் காற்றில் முழுதாக உலர்த்துங்கள்.

அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர் முறை எல்லாரும் சொல்வது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு நான்கு மேசைக்கரண்டி சோடா உப்பு, சாமான் தாளைத் தொட வேண்டும், இரண்டு மூன்று நிமிடம். கறுப்பு அலுமினியத்துக்கு மாறுவதால் வெள்ளி குறைவாகவே இழக்கும். ஆனாலும் வெறும் கரண்டி, டம்ளருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலைப்பாடுள்ள காப்பை இதில் போட்டால் பள்ளமும் மேடும் ஒரே வெளுப்பாகி, கோலம் அழித்த வாசல் மாதிரி ஆகிவிடும். கல், முத்து, அரக்கு உள்ளவை கிட்டேயே வரக் கூடாது.

எதில் வைப்பது

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். ரப்பர் ஊரில் இருக்கிறவர்கள் இதை அழுத்தி நினைவில் வைக்க வேண்டும்: கெட்டிப்படுத்திய ரப்பரில் கந்தகம் சேர்த்திருக்கிறார்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கொலுசில் சில மாதத்திலேயே பேண்டின் அகலத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்திருக்கும், நாளடைவில் அந்த இடம் அரித்தும் போகும். அலமாரிக்குள் ரப்பர் விரிப்பு, கம்பளித் துணி இரண்டையும் எடுத்துவிடுங்கள். பாமாயில் ஆலையின் கழிவுக் குட்டையிலிருந்து முட்டை அழுகிய வாடை வீட்டுக்குள் வருகிற இடமென்றால், அந்த வாடையே ஹைட்ரஜன் சல்பைடு. அங்கே வெள்ளியைத் திறந்த அலமாரியில் வைத்துப் பயனில்லை. துவைத்து உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் போட்ட பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, கூடவே ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் வையுங்கள். வினைல் நெகிழிப் பை வேண்டாம். பூச்சி உருண்டையும் அதே பெட்டியில் வேண்டாம். ஒரு பைக்கு ஒரு சாமான். ஒன்றோடொன்று உரசினால் கீறும்.

கடிகாரம்

சட்டைப்பைக் கடிகாரத்தின் மூடியில் சிறு விலங்கு முத்திரை இருக்கும். ஸ்விட்சர்லாந்து வெள்ளியில் காட்டுக்கோழி 800 தரம், நிற்கும் கரடி 875 தரம். இந்த முறை 1882-இல் தொடங்கி 1934 வரை இருந்தது. அதோடு பிரிட்டிஷ் இறக்குமதி முத்திரையும் இருந்தால் 1907 ஜூனுக்குப் பிறகு இங்கிலாந்து வழியாகப் போனது என்று தெரியும். அதற்கு முன் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுக் கூடுகளுக்கு அந்த முத்திரை கட்டாயமில்லை.

கைக்கடிகாரத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது செய்கோ 5. அதன் பின்மூடியில் இரண்டு எண் பாருங்கள். ஆறு இலக்கத் தொடர் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்குச் சுழி, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. எந்தப் பத்தாண்டு என்பதை இயந்திர எண் சொல்லும். 6119 என்று தொடங்கி, தொடர் எண் 93 என்று ஆரம்பித்தால் 1969 மார்ச். அந்த இயந்திரம் 1960-களின் பிற்பாதியில் வந்தது, 1979 வரை நீளவில்லை. பழைய கடிகாரத்தின் முள்ளிலும் எண்களிலும் மஞ்சள் பழுப்பேறிய ஒளிர்பூச்சு இருந்தால் ரேடியமாக இருக்கலாம். 1960-கள் வரை அது புழக்கத்தில் இருந்தது. கண்ணாடியைத் திறக்கவோ பூச்சைச் சுரண்டவோ கூடாது.

சுவர்க் கடிகாரம் இன்னும் ஓடக்கூடிய சாமான். நின்றுபோனதற்குச் சாவி அதிகமாகக் கொடுத்துவிட்டதே காரணம் என்பார்கள். உண்மைக் காரணம் பெரும்பாலும் காய்ந்து பிசினான எண்ணெய். தேங்காய் எண்ணெய், தையல் எண்ணெய், துருநீக்கும் தெளிப்பான் எதையும் அடிக்காதீர்கள். இரண்டு வாரம் ஓடும், பிறகு தூசி சேர்ந்து அச்சுமுனையையே தேய்க்கும். கழற்றிச் சுத்தம் செய்வதைப் பழுது பார்ப்பவரிடம் விடுங்கள். முறுக்கேறிய சுருள்வில் விடுபட்டால் விரலைக் கிழித்துவிடும்.

நல்ல நிலையில் உள்ளதும் இடம் மாற்றினால் நிற்கும். காரணம் சாய்வு. ஊசலை ஆட்டிவிட்டுக் காது கொடுங்கள். டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமாக இல்லாவிட்டால், பெட்டியின் அடியைக் கொஞ்சம் இடமாகவோ வலமாகவோ தள்ளிச் சமமாகும் இடத்தைக் கண்டுபிடித்து, சுவரில் பென்சில் கோடு போடுங்கள். நேரம் முந்தினால் ஊசல் குண்டை இறக்க வேண்டும், பிந்தினால் ஏற்ற வேண்டும். சுமார் 25 சென்டிமீட்டர் ஊசலில் ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் நாளுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் குறையும். அதனால் மரையை அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்பிவிட்டு ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். முள்ளைப் பின்னோக்கித் திருப்பினால் மணி அடிக்கும் கணக்கு குழம்பும்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தாள். அளவுகோல் பக்கத்தில் வைத்து முன், பின், முத்திரை மூன்று படம். எடை, அடர்த்தி, விட்டம். யார் போட்டது, எந்தத் தோட்டம், ஊரிலிருந்து கப்பலில் வந்ததா இங்கே செய்ததா, எப்போதாவது அடகில் இருந்ததா. அடகுச் சீட்டு இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அதில் தேதியும் எடையும் இருக்கும். கேட்டுத் தெரிந்ததைக் கேட்டது என்றும், அளந்து கண்டதை அளந்தது என்றும் தனித்தனியாக எழுதுங்கள். பேர் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மாற்றுங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. கடையில் உங்கள் கண்ணெதிரே நிறுக்கச் சொல்லுங்கள். உரைகல்லில் தேய்ப்பதானால் முதுகுப் பக்கம், பற்றாசு இல்லாத இடத்தில் தேய்க்கச் சொல்லுங்கள். பற்றாசு தரம் குறைந்தது, அதைத் தேய்த்தால் முழு நகைக்கும் குறைந்த மாற்றுதான் காட்டும். கதிர் வைத்துப் பார்க்கும் இயந்திரம் மேல்தோலைத்தான் படிக்கும் என்பதால் முலாம் இருந்தால் ஏமாறும். இரண்டு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அரக்கைக் கடைக்காரர் கண்மதிப்பாகக் கழித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அரக்கை எடுத்தபின் தகட்டை மட்டும் நிறுத்து, அந்த எடைக்குத்தான் பில் போட வேண்டும்.